கணிப்பொறியின் கடிகாரத்தைச் சோதித்தல்

(கல்விச் சங்க வெள்ளி விழாவின் இளைஞர் அரங்கில் ஆற்றிய உரை)

 

'இளைஞரும் அறிவியலும்' என்னும் தலைப்பில் பேசுமாறு விழாக் குழுவினர் நம்மைப் பணித்தனர். தலைப்பு பெரிது. நமக்கு வடக்கே ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ராக்கெட் எழும்பும்போது கும்மிடிப்பூண்டி வட்டாரத்துப் பிள்ளைகள் வரப்பில் நின்று அண்ணாந்து பார்க்கிறார்கள். அதைப் பற்றிப் பேசினால் அரங்கம் மகிழும் என்பதை அறிவோம். ஆயினும் அதனை விடுத்து மிகச் சிறிய பொருள் ஒன்றை எடுத்துக்கொண்டோம். கணிப்பொறிக்குள் ஓடும் கடிகாரம், எழுதிவைத்த நியமத்தின்படி நடக்கிறதா என்று சோதிப்பது எவ்வாறு என்பதே அப்பொருள். இதில் என்ன இருக்கிறது என்று சிலர் எண்ணலாம். நம் பிள்ளை ஒருவனுடைய நாட்கூலி இதில் இருந்தது. ஆதலால் அங்கிருந்தே தொடங்குவோம்.

சென்ற ஆண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் நம் பழைய மாணவர் ஒருவர் வீடு தேடி வந்தார். ஐ.டி.ஐ.யில் ஃபிட்டர் பயிற்சி முடித்து, கும்மிடிப்பூண்டி சிப்காட் வளாகத்தில் ஓர் ஆலையில் ஒப்பந்தத் தொழிலாளியாகச் சேர்ந்தவர். ஆலையின் பெயரும் அவருடைய பெயரும் இவ்வரங்கிற்கு வேண்டா. ஆரம்பாக்கம் பக்கத்துச் சிற்றூரிலிருந்து மிதிவண்டியில் வருபவர். காலை ஷிப்டு 6 மணிக்குத் தொடங்கும். வாயிலில் விரல் பதித்து வருகை பதியும் இயந்திரம் ஒன்று உண்டு. 6 மணிக்கு மேல் பதிந்தால் தாமதம். மூன்று தாமதத்திற்கு அரை நாட்கூலி பிடித்தம் என்பது அவ்விடத்து வழக்கம். அம்மாதம் அவர் கணக்கில் ஆறு தாமதங்கள் ஏறியிருந்தன. ஒரு நாட்கூலி போயிற்று. அதற்கு முந்திய மாதங்களில் ஒரு தாமதமும் இல்லை.

"ஐயா, ஒரு மனு எழுதித் தரவேண்டும்" என்றார்.

நாம் முதலிற் கேட்ட கேள்வி எது தெரியுமா? "தம்பி, விடியலில் நேரத்தோடு எழுந்திருந்தாயா?" என்பதே. இத்தனை ஆண்டு வகுப்பறையில் நின்றவருக்கு அக்கேள்விதான் முதலில் நாவில் வந்தது. இதை இங்கே மறைக்காமற் சொல்வதற்குக் காரணம் உண்டு. ஆலையின் மேற்பார்வையாளரும் அவரிடம் அதைத்தான் வேறு சொற்களிற் சொல்லியிருந்தார்: "மெஷின் பொய் சொல்லாது." இயந்திரத்தின் சொல்லும் நம் பிள்ளையின் சொல்லும் மோதியபோது, இயந்திரத்தை விசாரிக்க வேண்டும் என்று மேற்பார்வையாளருக்கும் தோன்றவில்லை, ஆசிரியருக்கும் தோன்றவில்லை. அப்பிள்ளையோ அமைதியாகச் சொன்னார்: "ஐயா, நான் விரல் வைக்கும்போது என் கைப்பேசியில் 6 மணிக்கு மூன்றரை நிமிடத்துக்கு மேல் மிச்சம் இருக்கிறது. அது 6.03 என்று காட்டுகிறது."

அன்று மாலையே நம் பள்ளியிற் படித்து, பின் பொறியியல் கற்று, சென்னையில் மென்பொருட் சோதனைப் பணியிலிருக்கும் மாணவி ஒருவரை அழைத்துப் பேசினோம். அவர் கூறியதை அப்படியே சொல்கிறோம். "ஐயா, எங்கள் வேலையில் இயந்திரம் சொன்னது என்று யாரும் ஒப்புக்கொள்வதில்லை. எழுதிய நியமம் எது, அதில் எந்த வாக்கியத்தை வைத்துச் சோதித்தீர்கள் என்றுதான் கேட்பார்கள்." இனி நாம் கூறப்போவதில் பெரும்பகுதி அம்மாணவியிடம் நாம் கற்றது. ஆசிரியர் மாணவரிடம் கற்பதில் இழுக்கு ஒன்றும் இல்லை.

கணிப்பொறிக்குள் ஊசலும் இல்லை, முள்ளும் இல்லை. குவார்ட்சு என்னும் படிகத்தின் சிறு துண்டு ஒன்று உண்டு. நம் கைக்கடிகாரத்தில் இருப்பதும் அதுவே. அது வினாடிக்கு 32,768 முறை அதிருமாறு அறுக்கப்பட்டிருக்கும். இரண்டைப் பதினைந்து முறை வைத்துப் பெருக்கினால் வரும் எண் அது. ஆகையால் அதிர்வைப் பதினைந்து முறை பாதியாக்கினால் வினாடிக்கு ஒரு துடிப்பு கிடைத்துவிடும். கணிப்பொறி அணைந்து கிடக்கும்போதும் ஒரு சிறு மின்கலத்தின் துணையால் இக்கடிகாரம் ஓடிக்கொண்டிருக்கும். கணிப்பொறி விழித்தவுடன் இயங்குதளம் இதைப் பார்த்துத் தன் கணக்கைத் தொடங்கும். இயங்குதளம் என்பது பொறியின் உறுப்புகளையெல்லாம் ஆளும் அடிப்படை மென்பொருள்.

லினக்ஸ் போன்ற இயங்குதளங்கள் நேரத்தை மணி, நிமிடம் என்று வைத்துக்கொள்வதில்லை. 1970 சனவரி 1ஆம் நாள் கிரீன்விச்சில் நள்ளிரவு. நம் ஊரில் அப்போது காலை 5.30. அந்தக் கணத்திலிருந்து எத்தனை வினாடிகள் கழிந்தன என்னும் ஒரே எண்ணைத்தான் வைத்துக்கொள்கின்றன. மற்றவையெல்லாம் வகுத்துக் கூட்டிப் பெறும் கணக்கு. படிகம் சிறிது வேகமாக அதிர்ந்தால் அந்த எண் முந்தும். மெதுவாக அதிர்ந்தால் பிந்தும். பொய் சொல்லும் எண்ணம் இயந்திரத்திற்கு இல்லை என்பது உண்மையே. ஆனால் பிழையாகச் சொல்வதற்கு எண்ணம் எதற்கு?

கடிகாரத்தை விசாரிக்கும் வழக்கம் நம் மண்ணுக்குப் புதிதன்று. சென்னை நுங்கம்பாக்கத்தில் 1792இல் கிழக்கிந்தியக் கும்பினியார் வானாய்வுக்கூடம் ஒன்றை நிறுவினர். தமிழிலும் பிறமொழிகளிலும் கல்வெட்டுப் பொறித்த அதன் கருங்கல் தூண் இன்றும் அங்குள்ள வானிலை மைய வளாகத்தில் நிற்கிறது. அங்கிருந்த கோல்டிங்காம் என்னும் வானியலாளர் 1802இல் சென்னையின் நேரம் கிரீன்விச் நேரத்தைவிட 5 மணி 21 நிமிடம் 14 வினாடி முந்தியது என்று கணக்கிட்டார். அதுவே மதராஸ் நேரம். 1856இல் இராயபுரத்திலிருந்து வாலாசா வரை நம் திருவள்ளூர் வழியே முதல் இருப்புப்பாதை போடப்பட்டது. பிற்காலத்தில் இந்திய இரயில்வேக்கள் மதராஸ் நேரத்தையே பொது நேரமாகக் கொண்டன. 1906 சனவரி 1 முதல் 82½ பாகை தீர்க்கரேகையை அடிப்படையாகக் கொண்ட இந்திய நியம நேரம் வந்தது. பாகைக்கு 4 நிமிடம். பெருக்கினால் 330 நிமிடம். அதாவது ஐந்தரை மணி. அன்று மதராஸ் கடிகாரங்கள் 8 நிமிடம் 46 வினாடி முன்னே தள்ளிவைக்கப்பட்டன. கல்கத்தா 1948 வரையிலும் பம்பாய் 1955 வரையிலும் தத்தம் பழைய நேரத்தை முற்றாகக் கைவிடவில்லை. நியமம் ஒன்று பிறந்துவிட்டால் எல்லாரும் உடனே பணிந்துவிடுவதில்லை என்பதற்கு இதுவும் ஒரு சான்று.

அவ்வானாய்வுக்கூடங்களில் இரவுதோறும் செய்த வேலை யாது? குறித்த ஒரு விண்மீன் உச்சிக்கோட்டைக் கடக்கும் கணத்தைத் தொலைநோக்கியிற் பார்த்து, அக்கணத்தில் ஊசற்கடிகாரம் காட்டும் நேரத்தை எழுதிக்கொள்வார்கள். இரண்டிற்கும் உள்ள வேறுபாடு அன்றைய 'பிழை'. நேற்றைய பிழைக்கும் இன்றைய பிழைக்கும் உள்ள வேறுபாடு அதன் 'நாள்வீதம்'. கடிகாரத்தின் முள்ளை அவர்கள் அடிக்கடி திருப்பிக்கொண்டிருக்கமாட்டார்கள். பிழையையும் வீதத்தையும் குறித்துவைத்தாற் போதும். உண்மை நேரத்தைக் கணக்கிட்டு அறியலாம். இவ்விரு சொற்களையும் மாணவர்கள் நினைவிற் கொள்க, பின்னால் வேண்டியிருக்கும். இன்னொன்று: 1802இல் கண்ட அந்தத் தீர்க்கரேகைக் கணக்கிலேயே சுமார் 15 வினாடி வேறுபாடு உண்டென்று பிற்கால அளவீடுகள் காட்டின. அளவுகோலையும் அளந்து பார்க்கத்தான் வேண்டும்.

இனிக் கணிப்பொறிக்கு வருவோம். ஊருக்கு ஒரு நேரம் இருந்ததைப் போலவே, ஒரு காலத்தில் கணிப்பொறி செய்யும் நிறுவனந்தோறும் இயங்குதளம் வேறு, அதன் கடிகாரத்தைக் கேட்கும் முறை வேறு என்று இருந்தது. ஒன்றுக்கு எழுதிய மென்பொருள் மற்றொன்றில் ஓடாது. இதைத் தீர்க்க அமெரிக்காவின் மின், மின்னணுப் பொறியாளர் கழகம் 1988இல் போசிக்ஸ் என்னும் நியமத்தை வெளியிட்டது. கடிகாரத்தைப் படித்தல், திருத்தல், அதன் நுண்மையை அறிதல் ஆகியவற்றுக்கான செயற்கூறுகள் 1993ஆம் ஆண்டுத் திருத்தத்தில் அதில் இடம்பெற்றன. கிளாக் கெட்டைம் என்பது நேரத்தைக் கேட்பது; கிளாக் செட்டைம் என்பது திருத்துவது; கிளாக் கெட்ரெஸ் என்பது எத்துணை நுண்மையாக அளப்பாய் என்று கேட்பது. பின்னர் வந்த கிளாக் நானோஸ்லீப் என்பது, இத்தனை நேரம் உறங்கி எழு என்று ஒரு நிரலுக்குச் சொல்வது. இந்நியமத்தின் வாசகம் பூட்டி வைத்த நூலன்று. இணையத்தில் எவரும் விலையின்றிப் படிக்கலாம்.

அம்மாணவி இவற்றை நமக்குக் காட்டியது பெரிய ஆய்வுக்கூடத்தில் அன்று. 2011 செப்டம்பர் 15 அன்று நம் திருவள்ளூர் மாவட்டத்தில் தொடங்கிவைக்கப்பட்டதே விலையில்லா மடிக்கணினித் திட்டம், அதில் கிடைத்த பழைய மடிக்கணினியில்தான். சென்னையிலுள்ள சி-டாக் என்னும் மைய அரசின் நிறுவனம் உருவாக்கிய பாஸ் லினக்ஸ் என்னும் இயங்குதளம் அதில் ஏற்றப்பட்டிருந்தது. பலர் அதை ஒருமுறையும் திறந்து பார்த்ததில்லை. திரைப்படம் பார்க்க அது உதவவில்லை என்று குறைகூறி அழித்தவர்களும் உண்டு. ஆனால் நியமத்தைச் சோதித்துக் கற்பதற்கு அதைவிட நல்ல கருவி நம் வீடுகளில் வேறு இல்லை. ஏனெனில் உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்பதை எவரும் திறந்து படிக்கலாம். சோதனைகளும் அவ்வாறே. லினக்ஸ் டெஸ்ட் புராஜெக்ட் என்னும் தொகுப்பினுள் போசிக்ஸ் நியமத்தின் வாக்கியம் ஒவ்வொன்றுக்கும் எதிராக எழுதிய சிறு சிறு சோதனை நிரல்கள் உள்ளன, விலையின்றிக் கிடைக்கின்றன.

அச்சோதனைகள் எவ்வாறு இருக்கும் என்பதைச் சற்று விரிவாகச் சொல்லவேண்டும். சுவை அங்கேதான் இருக்கிறது.

நியமத்தில் ஒரு வாக்கியம்: வினாடியின் பின்னப்பகுதியைச் சொல்லும் எண் சுழிக்குக் குறைந்தாலோ, நூறு கோடியை எட்டினாலோ, திருத்தும் செயற்கூறு அதை ஏற்கக்கூடாது. ஏனெனில் வினாடியை நூறு கோடிக் கூறாக்கித்தான் பின்னப்பகுதியை எண்ணுகிறார்கள். நூறு கோடி ஆனால் அது அடுத்த வினாடி. சோதனை நிரல் வேண்டுமென்றே அத்தகைய தவறான எண்ணைக் கொடுத்துப் பார்க்கும். இயங்குதளம் 'தவறான மதிப்பு' என்று மறுத்தால் தேர்ச்சி, ஏற்றுக்கொண்டால் தோல்வி. இல்லாத கடிகாரம் ஒன்றின் பெயரைச் சொல்லி நேரம் கேட்கும்; அதையும் மறுக்கவேண்டும். உரிமையில்லாத பயனர் ஒருவர் கடிகாரத்தைத் திருத்த முயல்வது போல நடிக்கும். 'உனக்கு அதிகாரம் இல்லை' என்று திருப்பி அனுப்ப வேண்டும். மறுப்பதன் மூலம் தேர்ச்சி பெறும் சோதனைகள் இவை. நம் தேர்வுகளில் இத்தகைய வினாக்கள் இல்லை என்பது ஒரு குறையே.

உறக்கத்தைச் சோதிப்பது இன்னும் நயமானது. 5 வினாடி உறங்கு என்றால் 5 வினாடி முடியுமுன் எழக்கூடாது என்கிறது நியமம். ஆனால் சரியாக எத்தனைக்குள் எழவேண்டும் என்று அது வரம்பு கட்டவில்லை. பொறி வேறு வேலையில் மூழ்கியிருந்தால் சற்றுப் பிந்தி எழலாம். இதை அறியாத ஒருவர், பிந்தி எழுந்தது ஆகவே தோல்வி என்று சோதனையை எழுதிவிட்டால், பிழை பொறியில் அன்று, சோதித்தவரிடம். நியமம் சொல்லாததை நியமத்தின் பேரால் கேட்பதும் ஒருவகை அநீதியே.

நியமம் இரண்டு கடிகாரங்களைச் சொல்கிறது என்பதை இங்கே கவனிக்க வேண்டும். ஒன்று ரியல்டைம் எனப்படும் நாள்நேரக் கடிகாரம். இன்று என்ன தேதி, என்ன மணி என்று சொல்வது. உரிமையுடையவர் அதைத் திருத்தலாம். முன்னும் தள்ளலாம், பின்னும் தள்ளலாம். மற்றொன்று மோனோடோனிக் எனப்படும் ஏறுமுகக் கடிகாரம். அது தேதியையும் மணியையும் சொல்லாது. ஒரு கணத்திற்கும் மற்றொரு கணத்திற்கும் இடையே எவ்வளவு நேரம் ஓடிற்று என்பதை மட்டும் சொல்லும். அதை எவரும் திருத்த முடியாது. கிளாக் செட்டைம் கொண்டு முயன்றால் மறுக்க வேண்டும். எக்காலத்தும் அது பின்னோக்கிச் செல்லக்கூடாது. சோதனை நிரல் அதை மீண்டும் மீண்டும் கேட்டு, முந்திய விடையைவிடப் பிந்திய விடை ஒருமுறையேனும் குறைகிறதா என்று பார்க்கும். நாள்நேரக் கடிகாரத்தை இடையில் மாற்றிவைத்துவிட்டு, 'இத்தனை வினாடி' என்று உறங்கப் போன நிரல் அம்மாற்றத்தால் ஏமாறாமல் உரிய நேரம் கழித்து எழுகிறதா என்றும் பார்க்கும்.

ஒவ்வொரு சோதனைக்கும் விடை எழுதும் முறை நம்மை வெகுவாகக் கவர்ந்தது. நாம் தேர்ச்சி, தோல்வி என்னும் இரண்டையே அறிவோம். அத்தொகுப்பில் அவை தவிர வேறு தீர்ப்புகளும் உண்டு. அந்த வசதி இப்பொறியில் இல்லை என்பது ஒன்று. இன்னும் சோதிக்கப்படவில்லை என்பது ஒன்று. சோதனையையே சரியாக நடத்த முடியாமற் போயிற்று, ஆகவே முடிவு கூற இயலாது என்பது மற்றொன்று. இக்கடைசித் தீர்ப்பைக் கண்டபோது, பசியோடு வந்து முழுஆண்டுத் தேர்வில் மயங்கி விழுந்த ஒரு மாணவி நம் நினைவில் வந்தாள். அவளுடைய கணக்குத் தாளில் நாம் இட்ட மதிப்பெண் தோல்வி. சோதனை நடக்கவேயில்லை என்று எழுத நம் படிவத்தில் இடம் இருக்கவில்லை.

சோதிக்கப்படாத மூலையில் என்ன நேரும் என்பதற்கு உலகம் அறிந்த சான்று ஒன்று உண்டு. பூமியின் சுழற்சிக்கு ஒத்துவருமாறு எப்போதாவது ஒரு மிகை வினாடியைச் சேர்ப்பார்கள். 1972 முதல் 2016 முடிய அவ்வாறு 27 வினாடிகள் சேர்க்கப்பட்டன. 2012 சூன் 30 நள்ளிரவில், நம் நாட்டில் சூலை 1 காலை 5.30 மணிக்கு, அத்தகைய ஒரு வினாடி சேர்ந்தபோது லினக்ஸின் கடிகாரப் பகுதியிலிருந்த ஒரு பிழை வெளிப்பட்டது. உலகெங்கும் பல கணிப்பொறிகள் திணறின; ஆஸ்திரேலியாவில் விமானப் பயணிகளைப் பதியும் முறை முடங்கிற்று. இனி வரவிருப்பதும் ஒன்று உண்டு. வினாடிக் கணக்கை 32 இலக்க இருமஎண்ணில் வைத்திருக்கும் சிறு பொறிகளில் அவ்வெண் 2,147,483,647ஐ எட்டியபின் மேலே செல்ல இடம் இராது. அது 2038 சனவரி 19 செவ்வாய்க்கிழமை, நம் நேரப்படி காலை 8 மணி 44 நிமிடம் 7 வினாடி. அடுத்த வினாடியில் அப்பொறிகள் 1901ஆம் ஆண்டு என்று காட்டக்கூடும். ஆலைகளில் பராமரிப்பு வேலைக்குச் செல்லும் நம் பிள்ளைகள், பயன்பாட்டில் இல்லாத பொறி ஒன்றில் தேதியை அந்நாளுக்குத் தள்ளிவைத்து இன்றே சோதித்துப் பார்க்கலாம். ஓடிக்கொண்டிருக்கும் பொறியில் மட்டும் இதைச் செய்துவிடாதீர்கள், வேலை போய்விடும்.

இவ்வளவும் கேட்டபின் நாம் அம்மாணவியிடம் ஒன்று கேட்டோம்: "இச்சோதனைகள் அனைத்திலும் அந்த வாயில் இயந்திரம் தேறிவிட்டால் அது காட்டும் நேரம் சரி என்று ஆகுமா?" அவர் சிரித்துவிட்டு, "ஆகாது ஐயா" என்றார். செயற்கூறு எவ்வாறு நடக்கவேண்டும் என்பதைத்தான் போசிக்ஸ் சொல்கிறது. அதன் எண் உலகத்தின் உண்மை நேரத்தோடு எவ்வாறு ஒட்டவைக்கப்பட வேண்டும் என்பதை, பொறியை அமைப்பவர் பொறுப்பிற்கே விட்டுவிடுகிறது. ஆகவே நியமத்திற்கு முற்றும் ஒத்த பொறியும் 7 நிமிடம் பிழையாக நிற்கலாம்.

உண்மை நேரத்திற்கு வேறு ஒரு நியமம் உண்டு. புதுதில்லியிலுள்ள தேசிய இயற்பியல் ஆய்வகம் சீசியம் அணுக்கடிகாரங்களைக் கொண்டு இந்திய நியம நேரத்தைப் பேணி வருகிறது. 2022 ஏப்ரல் 28 அன்று செர்ட்-இன் என்னும் மைய அரசின் கணிப்பொறிப் பாதுகாப்பு அமைப்பு ஓர் ஆணை பிறப்பித்தது. நிறுவனங்கள் தங்கள் கணிப்பொறிகளின் கடிகாரங்களைத் தேசிய தகவலியல் மையம் அல்லது அவ்வாய்வகத்தின் நேரப் பொறிகளோடு, அல்லது அவற்றை ஒட்டிய நேரத்தோடு, இணைத்து வைக்கவேண்டும் என்பது அதிலுள்ள ஒரு கட்டளை. நுங்கம்பாக்கத்து விண்மீனின் இடத்தில் இன்று அணு இருக்கிறது. வலைத்தொடர்பு இல்லாமல் தனியே சுவரில் தொங்கும் இயந்திரமோ தன் படிகத்தை மட்டுமே நம்பி ஓடுகிறது.

இனி நம் மாணவர் செய்தது. வாயில் இயந்திரத்தின் உள்ளே சோதனை நிரலை ஓட்டும் உரிமை அவருக்கு இல்லை. ஆனால் பழைய வானாய்வுக்கூடத்தார் செய்ததை அவராற் செய்ய முடியும். தம் கைப்பேசியின் நேரத்தை முதலில் வானொலிச் செய்திக்கு முன் வரும் குறியொலியோடு ஒப்பிட்டுச் சரிபார்த்துக்கொண்டார். பின் நாள்தோறும் விரல் பதிக்கும் கணத்தில் இயந்திரம் காட்டியதையும் கைப்பேசி காட்டியதையும் ஒரு நாற்பது பக்க நோட்டில் எழுதினார். முதல் நாள் இயந்திரம் 6 நிமிடம் 40 வினாடி முந்தியிருந்தது. இருபது நாள் கழித்துப் பார்த்தால் 8 நிமிடம் முந்தியிருந்தது. பிழை 400 வினாடியிலிருந்து 480 வினாடி ஆயிற்று. இருபது நாளில் 80. நாள்வீதம் 4 வினாடி.

அதன்பின் அவர் போட்ட கணக்கை எட்டாம் வகுப்பு மாணவரும் போடலாம். போட வேண்டும் என்று தோன்றுவதுதான் அரிது. நாளுக்கு 4 வினாடி வீதம் 400 வினாடி சேர எத்தனை நாள் ஆகியிருக்கும்? நூறு நாள். நோட்டின் முதல் நாளிலிருந்து நூறு நாள் பின்னே எண்ணினால் ஒரு தேதி வந்தது. அன்றுதான் அந்த வாயிலில் பழைய இயந்திரத்தைக் கழற்றிவிட்டுப் புதியதை மாட்டினார்கள் என்று காவலாளி ஒருவர் நினைவுகூர்ந்தார். மாட்டிய நாளில் சரியாக இருந்த கடிகாரம். அதன்பின் எவரும் அதனைத் தொடவில்லை. முந்திய மாதங்களில் அவருக்குத் தாமதமே ஏறாததன் காரணமும் விளங்கிற்று. மூன்றரை நிமிடத்துக்கு மேல் முன்னதாக வருபவரை, கடிகாரம் அவ்வளவுக்கு முந்தும்வரை அது ஒன்றும் செய்யவில்லை.

மனுவை நாம் எழுதவில்லை. அவரே எழுதினார். "நான் தாமதமாக வரவில்லை" என்று அதில் ஓரிடத்திலும் இல்லை. பிழை, நாள்வீதம், தேதி ஆகிய மூன்றும், நோட்டின் நகலும் இருந்தன. நாம் எழுதியிருந்தால் 'ஏழைத் தொழிலாளி, கருணை கூர்ந்து' என்று தொடங்கியிருப்போம். நம் தலைமுறை மனு எழுதிப் பழகிய விதம் அது. அதிகாரி இரண்டு முறை படித்துவிட்டுத் தம் கைப்பேசியோடு வாயிலுக்குப் போனார். ஒரு நாட்கூலி அடுத்த மாதச் சீட்டில் திரும்பி வந்தது.

கதை அத்தோடு முடிந்திருந்தால் நன்று. அதிகாரி உடனே ஆள் அனுப்பிக் கடிகாரத்தைத் திருத்தச் சொன்னார். திருத்தியது நண்பகல் 11 மணிக்கு, ஷிப்டின் நடுவில். காலையில் 8 நிமிடம் முந்திய கடிகாரத்தில் உள்ளே பதிந்தவர்கள், மதியம் சரியான கடிகாரத்தில் வெளியே பதிந்தார்கள். இயந்திரம் கழித்துப் பார்த்தபோது அன்று வேலை செய்த அத்தனை பேருக்கும் 8 நிமிடம் குறைந்தது. எட்டு மணி நேரம் உழைத்தவர் 7 மணி 52 நிமிடம் உழைத்ததாகப் பதிவு. வாயில் ஒன்றில் அறுபது பேர் என்று வைத்துக்கொண்டால் 480 நிமிடம். அதாவது ஓர் ஆளின் முழு நாள் உழைப்பு, ஒரு பொத்தானை அழுத்தியதில் காணாமற் போய்விடும்.

இரண்டு கடிகாரங்கள் ஏன் வேண்டும் என்பது நமக்கு அப்போதுதான் முழுதும் விளங்கிற்று. எப்போது வந்தார் என்பது நாள்நேரக் கடிகாரத்தின் கேள்வி. எவ்வளவு நேரம் உழைத்தார் என்பது ஏறுமுகக் கடிகாரத்தின் கேள்வி. இரண்டாவது கேள்விக்கு முதற் கடிகாரத்தைக் கொண்டு விடை சொன்னால், அதைத் திருத்தும் உரிமையுள்ளவர் கையில் உழைத்தவரின் நேரம் சிக்கிக்கொள்ளும். நியமத்தை எழுதிய பொறியாளர்கள் கூலியை நினைத்து எழுதினார்களா என்பது வேறு. நாம் கூலியை நினைத்துத்தான் படிக்கிறோம்.

நம் பாட்டன்மார் காலத்தில் பண்ணையில் வேலை நேரத்திற்குக் கணக்கே இல்லை. கிழக்கு வெளுக்குமுன் ஏர் பூட்டி, கண் தெரியாத இருட்டில் கரையேறினார்கள். பொழுது எவ்வளவு என்று சொல்லும் உரிமை வரப்பில் நின்றவருக்கே இருந்தது. உழைப்பின் நேரத்தை எண்ணாற் கட்டியவர்களுள் நம் அண்ணல் அம்பேத்கர் தலையாயவர். 1942 முதல் 1946 வரை வைசிராயின் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறை உறுப்பினராக இருந்தபோது அவர் கொண்டுவந்த திருத்தத்தால், ஆண்டு முழுதும் இயங்கும் ஆலைகளில் வார வேலை 54 மணியிலிருந்து 48 மணியாக 1946இல் குறைந்தது. 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம் அந்த 48ஐ நிலைநிறுத்தி, மிகைநேரத்திற்கு இருமடங்கு ஊதியம் என்று விதித்தது. 2025 நவம்பர் 21 முதல் அதன் இடத்தில் நடைமுறைக்கு வந்துள்ள தொகுப்புச் சட்டத்திலும் நாளுக்கு 8 மணி என்பதும், மிகைநேரத்திற்கு இருமடங்கு என்பதும் உள்ளன. சட்டம் மணி என்று சொல்கிறது. அந்த மணியை எண்ணுவதோ வாயிலில் தொங்கும் பெட்டி.

8 நிமிடம் குறைந்த அன்றைய பதிவைப் பற்றி இரண்டாம் மனு எழுதப்பட்டது. அதில் பதினான்கு பேர் கையெழுத்திட்டனர். மற்றவர்கள் அஞ்சினர், ஒப்பந்தம் புதுப்பிக்கும் மாதம் அது. அவர்களை நாம் குறைகூறவில்லை. பதினான்கு பேரின் பதிவு திருத்தப்பட்டது. அந்த நூறு நாளில், நம் மாணவரைப் போலவே இரண்டு மூன்று நிமிடம் முன்னதாக வந்து தாமதம் என்று பிடித்தம் செய்யப்பட்டவர்களின் கூலி இன்னும் திரும்பவில்லை.

அவர்களுள் நம் தெருக்களைச் சேர்ந்தவர்களின் கணக்கைச் சங்க அலுவலகத்தில் ஞாயிறுதோறும் மாலை 4 மணிக்குத் திரட்டி வருகிறோம். அந்தக் காலத்துக் கூலிச் சீட்டுகளைக் கொண்டு வருக. கசங்கியிருந்தாலும் கொண்டு வருக. அந்த நாற்பது பக்க நோட்டு அங்கே இருக்கிறது. பாஸ் லினக்ஸ் உள்ள மடிக்கணினிகள் இரண்டும் இருக்கின்றன. அவற்றிற் கடிகாரச் சோதனைகளை ஓட்டிக் காட்ட அம்மாணவி மாதத்தின் முதல் ஞாயிறு வருவதாக ஒப்புக்கொண்டிருக்கிறார். வரும்போது உங்கள் கைப்பேசி நேரத்தையும் ஆலை வாயில் நேரத்தையும் ஒரு வாரத்திற்கேனும் எழுதிக்கொண்டு வந்தால் கணக்கை அங்கேயே போட்டுப் பார்க்கலாம்.